கூப்பன் கடையும் திறந்த கதவும்

அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் 'நலன்புரி அரசு' எனக்கு முதலில் பரீட்சைக்கு மனனமிடும் ஐந்து குறிப்புகளாகவே தெரிந்தது. உம்மம்மாவிடம் பேசிய பிறகுதான் அது அரிசியாக மாறியது. எங்களூர்ச் சங்கக் கடையை அவர் இன்றும் 'கூப்பன் கடை' என்றே சொல்வார்.

1942இல் யுத்த காலத்தில் வந்த அரிசிப் பங்கீடு யுத்தம் முடிந்தும் தொடர்ந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இவற்றுக்கான காசு பெரும்பாலும் தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியிலிருந்தே கிடைத்தது. ஆகவே நமது நலன்புரி அரசு பிறந்தபோதே உலகச் சந்தையைச் சார்ந்துதான் பிறந்தது. கொரிய யுத்தம் தணிந்து இறப்பர் விலை வீழ்ந்ததும் 1953இல் அரசாங்கம் 25 சதத்துக்குக் கொடுத்த ஒரு கொத்து அரிசியை 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

1977இல் பொருளாதாரத்தின் கதவு திறக்கப்பட்டது. 1979இல் பங்கீடு போய், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி பல வருடம் உயரவில்லை. கடையில் விலை மட்டும் ஏறியது. "முத்திரை அப்படியே இருந்திச்சி புள்ள, பைதான் சுருங்கிட்டு" என்பார் உம்மம்மா. பணவீக்கத்துக்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் எனது பாடநூலில் இல்லை.

முதலீட்டாளரை அழைக்க 1978 முதல் கட்டுநாயக்க வலயத்தில் வரிச் சலுகை கொடுத்தோம். நாம் வரி கேட்டால் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விடலாம். உலகமயமாதலின் பலமே இந்தப் பயம்தான். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே சம்பளம் கிடைத்ததையும் மறைக்கக்கூடாது. ஆனால் 1990இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 19 சதவீதமளவில் இருந்த வரி வருமானம் 2022இல் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இந்தப் பழி முழுவதையும் வெளியுலகின் தலையில் போட என் மனம் ஒப்பவில்லை. 2019இன் பெரும் வரிக்குறைப்பு நாமே செய்துகொண்டது. திறந்த பொருளாதாரமுள்ள நாடுகளில் அரசின் செலவு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது என்று பொருளியலாளர் டானி ரொட்ரிக் 1990களில் காட்டினார். வெளியிலிருந்து வரும் அடியைத் தாங்க மக்களுக்கு ஒரு காப்பு வேண்டும் என்பது அவரது விளக்கம். பங்கீட்டை நிறுத்திய அதே அரசாங்கம்தான் 1980இல் இலவசப் பாடநூலும் தந்தது. கதவு திறந்திருந்தாலும் எதைக் கொடுப்பது, எதை வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கக் கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த இடம் இப்போது ஒடுங்கியிருக்கிறது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றோம். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உடன்பாடு வந்தது. அதே ஆண்டு அஸ்வெசும கொடுப்பனவும் தொடங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. கொடுப்பனவு பெறும் தாய் வாங்கும் சவர்க்காரத்தின் விலையிலும் அந்த வரி இருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததில் எவ்வளவை மறு கை எடுக்கிறது என்று கணக்குப் பார்க்க, உம்மம்மாவின் பழைய கடைக் கொப்பியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.