ஜெபித்தும் பயம் போகவில்லை என்கிறாய்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய நீளமான செய்தியைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். விரலால் தட்டிப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை போதாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தேர்வு முடிவு, வேலை, உனக்காக அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக்கடன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். "முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன். எழுந்ததும் அதே பயம் வருகிறது. எனக்கு விசுவாசம் இல்லையா பெரியப்பா?"

வாலிபர் கூட்டத்தில் யாரோ உனக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். விசுவாசி கவலைப்படக் கூடாது என்று மேடையில் முழங்குவது சுலபம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள், கவலை போதாதென்று கவலைப்படுகிறோமே என்ற குற்ற உணர்வையும் சுமக்கிறார்கள். எனக்கு இந்தப் போதனை பிடிப்பதில்லை. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல்தான் கொரிந்தியருக்கும் எழுதினார். இரண்டாம் நிருபம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பட்ட அடிகளையும் கப்பல் உடைந்த கதைகளையும் சொல்லி வருகிறவர், இவை தவிர எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தினமும் தன்னை அழுத்துகிறது என்கிறார். கெத்செமனேயில் நம் ஆண்டவர் ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை வைத்தார். முதல் தடவையே மனம் லேசாகியிருந்தால் மூன்றாவது தடவை எதற்கு?

இனி நான் கேட்பதற்குக் கோபப்படாதே. ஜெபத்தில் நீ என்ன சொல்கிறாய்? கண்ணை மூடிக்கொண்டு, ரிசல்ட் சரியில்லாவிட்டால் என்ன ஆகும், வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று படுக்கையில் நினைத்ததையே 'ஆண்டவரே' என்று தொடங்கித் திரும்பச் சொல்கிறாயா? பலரும் அதைத்தான் செய்கிறோம். அரை மணி நேரம் ஜெபித்ததாகத் தோன்றும். உண்மையில் அரை மணி நேரம் பயத்தை ஒத்திகை பார்த்திருப்போம்.

மார்ட்டின் லூத்தருக்கு ஒரு முடிதிருத்தும் நண்பர் இருந்தார். பேதுரு என்று பெயர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்காக, 1535இல் லூத்தர் அவருக்கென்றே ஒரு சிறு நூலைக் கடித வடிவில் எழுதினார். அதிலே இருப்பது பெரிய இறையியல் இல்லை, கைப்பழக்கம். மனம் சோர்ந்து கிடக்கும்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போ. சொந்த வார்த்தை வராவிட்டால் தேடி அலையாதே. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் இவற்றை வாய்விட்டுச் சொல். பிறகு ஒவ்வொரு பகுதியாக நின்று நிதானி: இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் மனம் ஊன்றிவிட்டால் மற்றவற்றை விட்டுவிடலாம். சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால் உட்கார்ந்திருப்பவருடைய மூக்கோ தொண்டையோ போய்விடும், ஜெபத்திலும் அந்தக் கவனம் வேண்டும் என்று அந்தத் தொழிலாளிக்குப் புரியும் விதத்தில் சொல்கிறார். கொஞ்சம் பொறு, இந்த வேலையை முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்று மனம் சொல்லும், அதை நம்பாதே என்றும் எச்சரிக்கிறார். இன்று அவர் எழுதியிருந்தால் செல்போனையும் சேர்த்திருப்பார்.

உனக்கு இதைப் பொருத்திச் சொல்கிறேன். கர்த்தருடைய ஜெபத்தில் ஆகாரத்துக்கான விண்ணப்பத்தில் நில். அது இன்றைக்கு வேண்டியதை மட்டுமே கேட்கிறது. அடுத்த ஐந்து வருடச் சம்பளத்தைக் கேட்கவில்லை. நீயும் இன்றைக்குரியதைப் பெயர் சொல்லிக் கேள். நாளை நேர்காணல் என்றால் தெளிவாகப் பேசும் நாவைக் கேள். 'என் எதிர்காலத்தை ஆசீர்வதியும்' என்பதற்கு என்ன பதில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வை. நன்றி சொல்வதற்கு அந்த நோட்டுத்தான் பிறகு உதவும்.

ஜெபித்தால் பயப்பட்டது நடக்காமல் போய்விடுமா என்றும் நீ உள்ளுக்குள் கேட்கிறாய். எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது. இதற்கும் லூத்தர் வீட்டுக் கடிதம் ஒன்றைச் சொல்கிறேன். 1546 பிப்ரவரியில் உடம்பு சரியில்லாத நிலையிலும் ஐஸ்லேபனுக்கு ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கப் போயிருந்தார். விட்டன்பர்க்கில் மனைவி கத்தரீனாவுக்குத் தூக்கமில்லை. லூத்தர் அவளுக்குக் கேலியாக எழுதினார்: நீ கவலைப்பட ஆரம்பித்ததிலிருந்து என் அறை வாசலில் தீப்பிடித்தது, தலையில் ஒரு கல் விழப் பார்த்தது, இன்னும் கவலைப்பட்டால் பூமியே எங்களை விழுங்கிவிடும்போல. தேதி 10. அந்த மாதம் 18ஆம் தேதி அதே ஊரில் அவர் இறந்துபோனார்.

ஆக, கத்தரீனா பயந்தது நடந்தது. அதற்குப் பிறகு போர் வந்தது, வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது, 1552இல் கொள்ளைநோய்க்குத் தப்பிப் போகும் வழியில் வண்டி விபத்தில் அடிபட்டு அவளும் இறந்தாள். விசுவாசத்தை விபத்துக் காப்பீடு மாதிரி விற்கிறவர்கள் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார்கள். பவுல் பிலிப்பியர் 4இல் என்ன வாக்குக் கொடுக்கிறார் என்று பார். கேட்டது கிடைக்கும் என்று சொல்லவில்லை. தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் என்கிறார். அதையும் சிறையில் இருந்துகொண்டு, உயிரோடு வெளியே போவோமா என்று உறுதியில்லாத நிலையில் எழுதினார். கிறிஸ்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இவ்வளவுதான். எனக்கு இது போதுமானதாகவே இருந்திருக்கிறது.

தனியாக இருக்காதே. மனச்சோர்வில் கிடந்த எரோம் வெல்லர் என்ற இளைஞருக்கு 1530இல் லூத்தர் சொன்ன யோசனையே அதுதான்: ஆட்களோடு போய் உட்கார், விளையாடு, சிரித்துப் பேசு. 1 இராஜாக்கள் 19இல் சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி சாப்பாடு கொடுத்தான். ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. விடுதியில் நீ ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதை முதலில் நிறுத்து. தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரிடம் போக வேண்டும். பவுலின் கூடவே லூக்கா என்ற வைத்தியர் இருந்தாரே, அதில் யாருக்கும் வெட்கமில்லை.

கடைசியாகக் கடன். மொத்தம் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று உனக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். தெரியாத தொகை இரவில் வளரும். கல்விக்கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. உன் வங்கியின் விதி என்ன என்று திங்கட்கிழமை நீயே போய்க் கேள். போவதற்கு முன் ஜெபி. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

காலை ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிற,
பெரியப்பா