பஞ்சுப் பஞ்சமும் அமைச்சர் கடமையும்

நாடென்று சொல்லத்தக்கது எது என ஆராயப் புகுந்த திருவள்ளுவனார், பசியும் நோயும் பகையுமாகிய மூன்றும் அணுகாதிருத்தலை அதன் இலக்கணமாக வகுத்தனர். ‘நாடு’ என்னும் அதிகாரத்தைப் பாடமாகப் பயின்ற நம்மிற் பலர், இவற்றை மூன்று தனித்தனிக் கேடுகளென்றே எண்ணி மேற்சென்றிருத்தல் கூடும். ஆயின், வரலாற்றைத் துணைக்கொண்டு நோக்குவார்க்கு இவை ஒரே வாயிலின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகப் புகுவன என்பது புலனாகும். கடல் வாணிகம் தடைப்படின் பசி தோன்றும். பசித்தார் உடம்பிற் பிணி குடிகொள்ளும். இரண்டினாலும் மனங்கலங்கிய மக்கள் பிறநாட்டின்மேற் சினங்கொள்ளப் பகை மூளும். இம்மூன்றும் ஒருங்கே வந்துற்ற காலத்து ஒரு நாட்டின் அமைச்சர் என் செய்தனர், எதனைச் செய்யத் தவறினர் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு யாம் எடுத்துக்கொண்ட உதாரணம், 1861 முதல் 1865 வரை இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியை வருத்திய பஞ்சுப் பஞ்சம்.

பசி

ஈரமிக்க காற்றும், நிலக்கரியும், லிவர்ப்பூல் துறைமுகமும் ஒருங்கே வாய்த்த லங்காஷயரில், நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் கூலிவேலை செய்து பிழைத்தனர். அவ்வாலைகள் உண்ட பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பால் விளைந்தது. ஒரு பெருந்தொழில் முழுவதும் ஒரே தேசத்தின் விளைவை நம்பியிருத்தல் தீது என எச்சரித்தோர் உண்டு. மாஞ்செஸ்டர் வணிகர் சிலர் 1857-ல் பஞ்சு வரவுச் சங்கமொன்றும் நிறுவினர். எனினும், மலிவாகக் கிடைக்கும் பொருளை விடுத்து வேறொன்றைத் தேடுவார் யார்?

1861 ஏப்ரல் 12-ஆம் நாள் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஏழு நாட்களுக்குப்பின், ஆபிரகாம் லிங்கன் தென்னாட்டுத் துறைமுகங்களை முற்றுகையிடக் கட்டளை பிறப்பித்தார். தென்னாட்டாரும், பஞ்சு கிடையாவிடின் இங்கிலாந்து தமக்குத் துணைவரும் என்று கருதி, தம் பஞ்சைத் தாமே தடுத்து நிறுத்தினர். முதலாண்டிற் கேடு முற்றும் வெளிப்படவில்லை; முன்னிரண்டு ஆண்டுகளில் அளவுக்குமேல் நெய்த துணியும் வாங்கிக் குவித்த பஞ்சும் கிடங்குகளில் நிறைந்திருந்தன. விலையேற்றங் கண்டு மகிழ்ந்த வணிகரும் இருந்தனர். 1862-ஆம் ஆண்டின் இறுதியிலோ, ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் பிறர் உதவியால் உயிர்வாழும் நிலையினராயினர்.

அக்காலத்து வறியோர் சட்டப்படி, ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளைத் தன் வரிப்பணத்தாலேயே காத்தல் வேண்டும். முதியோரும் கைம்பெண்டிரும் சிலராய் உள்ள ஊருக்கு இவ்விதி பொருந்தும். ஊரே வேலையிழந்து நிற்குங்கால் பொருந்துமோ? ஆலை மூடினாற் கடைக்காரனுக்கு விற்பனை இல்லை. வீட்டுச் சொந்தக்காரனுக்கு வாடகை இல்லை. வரி கொடுப்போனும் வரியாற் பிழைப்போனும் ஒரே படியில் வந்து நின்றனர். இதனையுணர்ந்த பாமர்ஸ்டன் பிரபுவின் அமைச்சரவை, 1862 ஆகஸ்டில் ஒரு புதுச் சட்டம் இயற்றி, மிக நலிந்த ஊர்களின் சுமையை அயலூர்களும் பகிர்ந்துகொள்ளவும், ஊராட்சியினர் கடன் பெறவும் வழிசெய்தது. எதிர்க்கட்சித் தலைவராகிய டார்பி பிரபு அந்நேரத்திற் கட்சி பாராது, மாஞ்செஸ்டரில் அமைந்த மத்திய உதவிக் குழுவின் தலைமையை ஏற்றார். பசித்த வாயிலிற் கட்சிப் போர் நடத்தலாகாது என்பதை அவர் அறிந்திருந்தனர் போலும்.

ஆயினும் உதவியின் வகையிற் குறை இருந்தது. உதவி பெறுவோன் சோம்பேறியல்லன் என மெய்ப்பித்தற்குக் கல்லுடைத்தல் முதலிய வேலைகளைச் செய்தல் வேண்டும். மெல்லிய நூலை இழைபிடித்துப் பழகிய விரல்கள் கல்லுடைக்குங்கால் அவர்தம் உள்ளம் என்பட்டிருக்கும்! 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் என்னும் ஊரில், உதவித் தொகையைக் குறைத்து, காசுக்குப் பதிலாகக் கடைச்சீட்டுக் கொடுக்கத் துணிந்தபொழுது மக்கள் கொதித்தெழுந்தனர், கலகம் மூண்டது. தொகை குறைந்தமை ஒரு காரணம். தம் காசைத் தாமே செலவிடத் தகுதியற்றவரென்று எண்ணப்பட்டமை அதனினும் ஆழ்ந்த காரணம் என்று யாம் கருதுகின்றோம்.

பிணி

பசியின் பின்னே பிணி வந்தது. 1862-ல் பிரஸ்டன், மாஞ்செஸ்டர் முதலிய நகரங்களில் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் இரண்டும் மூன்றும் ஒரே வீட்டில் ஒடுங்கின. போர்வையும் மாற்றாடையும் அடகுக் கடைக்குச் சென்றன. நீர் காய்ச்சக் கரியில்லை, துவைக்கச் சவர்க்காரமில்லை. டைபசைப் பரப்புவது உடைப்பேன் என்பதைச் சார்ல்ஸ் நிக்கோல் என்னும் பிரஞ்சு மருத்துவர் கண்டது 1909-லேயே. எனவே 1862-ன் மருத்துவர்க்கு நோயின் தூதன் யாரென்று தெரியாது. நெருக்கமும் அழுக்கும் பசியும் கூடிய இடத்தில் அது தோன்றுமென்பது மட்டுமே தெரியும்.

அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி ஜான் சைமன், தம்மிடமிருந்த சிறிய அறிவைக்கொண்டே செயலில் இறங்கினார். எட்வர்ட் ஸ்மித் என்னும் மருத்துவரை அனுப்பி, வேலையிழந்தோர் இல்லங்களில் உண்ணும் உணவை அளந்து கணக்கெடுக்கச் செய்தார். உடம்பு நிலைபெறுதற்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அறிந்தே உதவியின் அளவை வகுத்தல் வேண்டும் என்னும் கருத்து அந்நாளிற் புதிது. கருணைக்குக் கணக்குப் பகையன்று. கணக்கில்லாக் கருணை பாதி வழியில் நின்றுவிடும்.

1863-ல் நிறைவேறிய பொதுப்பணிச் சட்டம் இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. ஆலை நகரங்களுக்கு முதலில் 12 இலட்சம் பவுனும், பின்னர்ச் சேர்த்து மொத்தம் 18½ இலட்சம் பவுனும் குறைந்த வட்டிக்குக் கடனாக அளிக்கப் பார்லிமெண்டு இசைந்தது. கிரிமியப் போரிற் படைமுகாம்களைத் துப்புரவு செய்த பொறியாளர் இராபர்ட் ராலின்சன் இப்பணியை மேற்பார்த்தார். கழிநீர்க் கால்வாய்கள் தோண்டப்பட்டன, தெருக்கள் கல் பாவப்பட்டன, நீர்நிலைகள் அமைக்கப்பட்டன. ஓல்டாம் நகரத்து அலெக்ஸாண்டிரா பூங்கா அன்று வேலையிழந்தோர் கைகளால் எழுந்ததே. பயனின்றிக் கல்லுடைத்த கை, இப்பொழுது தன் மக்கள் நடக்குந் தெருவை அமைத்தது, உதவி கூலியாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. கழிநீர்க் கால்வாய் டைபசைத் தடுக்காது. நீரால் பரவும் வாந்திபேதியையும் குடற்காய்ச்சலையுமே தடுக்கும். கடனும் திட்டமும் உருப்பெற்று வேலை தொடங்குதற்குள் பஞ்சத்தின் கொடிய மாரிக்காலம் கழிந்துவிட்டது. ஆகவே அச்சட்டம் அன்றைய நோயாளியைக் காத்தது சிறிது. பின்வந்த தலைமுறையைக் காத்தது பெரிது. ஆலை மூடியமையால் தாய்மார் வீட்டிலிருந்து குழந்தைகளைப் பேணினர், அதனாற் சாவு குறைந்தது என்று அக்காலத்தார் சிலர் எழுதினர். ஊரைவிட்டு வேலை தேடிப் பெயர்ந்து, பிற இடங்களில் இறந்தோரையும் கணக்கிற் சேர்த்த இக்கால ஆராய்ச்சியாளர், சாவு மிகுந்ததே உண்மை என்பர். நகர்ந்து சென்ற ஏழை கணக்கிலிருந்தும் நகர்ந்து விடுகின்றான்.

பகை

முற்றுகையை உடைக்கக் கப்பற்படை அனுப்பினாற் பஞ்சு வரும், ஆலைகள் ஓடும். இவ்வெண்ணம் இங்கிலாந்திற் பலர்க்கு எளிதில் தோன்றியது. 1861 மே மாதமே நடுநிலை அறிவித்திருந்த அமைச்சரவைக்கு அவ்வாண்டு நவம்பரிற் சோதனை வந்தது. டிரெண்ட் என்னும் ஆங்கிலக் கப்பலை வடநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று மறித்து, அதிற் சென்ற தென்னாட்டுத் தூதர் இருவரைச் சிறைப்பிடித்தது. கானடாவுக்குப் படை அனுப்பப்பட்டது. அமெரிக்காவுக்கு விடுக்கவிருந்த கடிதத்தின் கடுஞ்சொற்களை, நோய்ப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்த ஆல்பர்ட் இளவரசர் மென்மையாக்கினார். டிசம்பர் 14-ல் அவர் இறந்தார். எதிரி மானமழியாது பின்வாங்குதற்கு வழிவிட்ட அக்கடிதத்தைப் பெற்ற லிங்கன் அரசாங்கம் தூதர்களை விடுவித்தது. இருவர் சொற்களாலும் ஒரு போர் தவிர்ந்தது. தூதுரைக்கும் சொல் எத்தகையதாதல் வேண்டும் என்று நம் இலக்கியங்கள் கூறுவதற்கு இதனினும் நல்ல உரை யாது?

1862 இலையுதிர்காலத்தில், பசி மிக்க அந்நாட்களில், தென்னாட்டைத் தனி நாடாக ஏற்பதா என்று அமைச்சரிடையே வாதம் நிகழ்ந்தது. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அக்டோபர் 7-ல் நியூகாசிலிற் பேசுங்கால், தென்னாட்டார் ஒரு தேசத்தையே படைத்துவிட்டனர் என்ற கருத்துப்படப் பேசினார். பிற்காலத்தில் அதற்காக மிக வருந்தினார். போர் அமைச்சர் கார்ன்வால் லூயிஸ், தலையிடுவதால் விளையுங் கேடுகளை நிரல்பட எடுத்துரைத்தார். நவம்பரில், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் கூட்டாகத் தலையிட விடுத்த அழைப்பை அமைச்சரவை மறுத்தது. நடுநிலையும் குறையின்றி இருந்ததன்று: அவ்வாண்டு ஜூலையிலேயே பர்க்கன்ஹெட்டிற் கட்டப்பட்ட அலபாமா என்னும் கப்பல், தடுப்பாரின்றிச் சென்று வடநாட்டு வணிகக் கப்பல்களை அழித்தது. அக்கவனக்குறைவுக்கு 1872-ல் ஜினீவா நடுவர் மன்றத்தின் தீர்ப்புப்படி இங்கிலாந்து 1 கோடியே 55 இலட்சம் டாலர் ஈடு செலுத்த நேர்ந்தது.

1862 டிசம்பர் 31-ல் மாஞ்செஸ்டரில் கூடிய தொழிலாளர், அடிமைத்தளையை அறுக்க முயலும் லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதம் விடுத்தனர். லிங்கன் 1863 ஜனவரியில் நன்றியுரைத்து விடையெழுதினார். தொழிலாளர் அனைவரும் ஒரே கருத்தினரல்லர். தென்னாட்டின் பக்கம் பேசிய கூட்டங்களும் நிகழ்ந்தன. அவ்வாறிருந்தும், தம் அடுப்பு அணைந்திருக்க, கடல்கடந்த அடிமையின் விலங்கை எண்ணியவர் பலர் இருந்தனர் என்பதே வியப்பு.

கணக்கில் வாராதோர்

இப்பொழுது நம் நாட்டை நோக்குவோம். அமெரிக்கப் பஞ்சு நின்றதும், இங்கிலாந்து இந்தியப் பஞ்சை நாடியது. லிவர்ப்பூலிற் பஞ்சு விலை 1864-ல் போருக்கு முன்னிருந்ததைப்போல் நான்கு மடங்காயிற்று. பம்பாயிற் பொன் மழை பொழிந்தது. தூத்துக்குடித் துறை வழியே நெல்லைக் கரிசற் பஞ்சும் ஏறியது. பாதையும் துறைமுகமும் விரைந்து அமைக்கவில்லையென்று இந்திய மந்திரி சார்ல்ஸ் உட்டை மாஞ்செஸ்டர் வணிகர் கடிந்தனர். ஆனால் நம் ஊர்த் தறிகளின் நிலை யாது? விளைந்த பஞ்சு கப்பலேறியமையால், கைத்தறியாளர் நூலுக்குக் கொடுக்கும் விலை ஏறியது. பலர் தறியை விட்டனர். லங்காஷயர் நெசவாளன் பஞ்சின்றி வருந்தினான். அவன் துயர் தீரச் சென்ற பஞ்சினாலேயே இந்திய நெசவாளன் வருந்தினான். முன்னவனுக்குப் பார்லிமெண்டிற் பேசுவார் இருந்தனர், பின்னவனுக்கு இல்லை. 1865-ல் போர் முடிந்து விலை வீழ்ந்ததும் பம்பாயில் வங்கிகள் நொடித்தன. தக்காணத்து உழவர், ஏறிய விலையை நம்பி வாங்கிய கடனில் அமிழ்ந்தனர். 1875-ல் அவர் வட்டிக்கடைப் பத்திரங்களைக் கொளுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு

இவ்வரலாற்றால் யாம் அறிந்தவை மூன்று. ஒரே வாயிலை நம்பிய வாணிகம் அவ்வாயில் அடைபடுங்கால் வீழும். பிணியைப் போக்கும் பணியைப் பஞ்சம் வந்தபின் தொடங்கின் அது பின்வருவார்க்கே பயன்படும். ஆதலின் வருமுன் தொடங்குதல் வேண்டும். பசித்த மக்களின் சினத்தைப் பிறநாட்டின்மேல் திருப்புதல் எளிது. அதனைச் செய்யாதிருத்தலே அமைச்சர் ஆண்மை.

நான்காவதொன்றும் உண்டு. 2020-ல் பெருந்தொற்றால் மேனாட்டு வணிகர் துணி வேண்டாமென்று நிறுத்தியபொழுது, திருப்பூரிலும் வங்காள தேசத்திலும் தையற்பொறிகள் நின்றன. வடநாட்டுத் தொழிலாளர் பலர் நடந்தே ஊர் சென்றனர். 1862-ன் கதை இடம் மாறி வந்தது போலும். ஓர் அமைச்சரைப் புகழுமுன், அவர் எத்துணைப் பேரைக் காத்தனர் என்று கேட்பதோடு நில்லாது, அவர் கணக்கில் எவர் வந்திலர் என்றுங் கேட்டல் நம் கடன். கல்வி கற்கும் நாமே அவ்வினாவை எழுப்பாவிடின், எழுப்புவார் வேறு யாவர்?