ஆண்டிபட்டி: ஒரு தொகுதியின் கதை

ஒன்பதாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "தொகுதி என்றால் என்ன?" என்று கேட்டதும் ஒரு மாணவி எழுந்து, புத்தகத்தில் உள்ள விளக்கத்தை ஒரு சொல்கூடப் பிசகாமல் ஒப்பித்தாள். "சரி, அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். விழித்தாள். குற்றம் அவளுடையதன்று. தொகுதி என்பதைச் சொல்லாகவே கற்பித்தோமே தவிர, ஊராக, மக்களாக, அவர்கள் வரிசையில் நின்று போட்ட ஓட்டாகக் காட்டவில்லை. ஆகவே அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆண்டிபட்டியின் கதையைச் சொன்னேன். அதையே இங்கு மலருக்காக எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மேற்கே போனால் ஒரு கணவாய் வரும். அதைத் தாண்டியதும் ஆண்டிபட்டி. முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1990-களில் தேனி தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. தறி ஓசை கேட்கும் ஊர்களும், மல்லிகைத் தோட்டங்களும், வானம் பார்த்த புஞ்சைகளும் நிறைந்த பகுதி. தெற்கே வருசநாட்டு மலைகள். வைகை பிறப்பது அங்கேதான். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆண்டிபட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அணையின் நீரை மிகுதியாகக் காண்பது கீழே உள்ள மதுரைப் பக்கத்து வயல்களும் மதுரை நகரத்துக் குழாய்களும்தான். அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மழைக்காக அண்ணாந்து பார்ப்பவர்கள் ஓட்டுப் போடும் தொகுதி இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-ல் இங்கு வென்றவர் நடிகர் எஸ்.எஸ்.இராஜேந்திரன். அவருக்குச் சட்டமன்றம் புதிதல்ல. 1962-லேயே பக்கத்துத் தொகுதியான தேனியில் வென்றவர். அந்தத் தேனித் தொகுதி பிறகு மறுவரையறையில் மறைந்தே போயிற்று. தொகுதிகளும் பிறக்கும், மறையும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்து வந்தது 1984. முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் அக்டோபர் மாதம் நோய்வாய்ப்பட்டுச் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதக் கடைசியில் பிரதமர் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பரில் முதலமைச்சரை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் படுத்திருந்த வேளையில்தான் தேர்தல் அறிவிப்பு வந்தது. அவர் வேட்பாளராக நிறுத்தப்பட்ட தொகுதி ஆண்டிபட்டி.

"கடல் கடந்து படுத்திருப்பவர் எப்படி டீச்சர் மனுத் தாக்கல் செய்ய முடியும்?" என்று வகுப்பில் கேட்டார்கள். நல்ல கேள்வி. வேட்பாளர் கையெழுத்திட்ட மனுவை, அவரை முன்மொழிபவர் கொண்டுபோய்த் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கலாம். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்னும் உறுதிமொழியை மட்டும் வேட்பாளர் தம் வாயாலேயே எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் முன் எடுத்தால் போதும். சட்டம் எழுதியவர்கள் இதையும் எண்ணிப் பார்த்து ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

வேட்பாளர் ஒரு நாள்கூடத் தொகுதிக்கு வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தது படம். மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஐயுற்றுக்கொண்டிருந்தவர்கள் கண்ணீரோடு பார்த்தார்கள். 1984 டிசம்பர் 24-ல் வாக்குப்பதிவு. 32,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். படுக்கையிலிருந்தே அவர் வென்றது இது முதல் முறையும் அன்று. 1967-ல் துப்பாக்கிச் சூட்டில் காயமுற்று மருத்துவமனையில் இருந்தபோதே பரங்கிமலைத் தொகுதியில் வென்றிருந்தார். அனுதாபம் ஓட்டாக மாறுவது நல்லதா என்று நீங்கள் கேட்டால், அதற்கு நான் ஆம் என்றும் சொல்லமாட்டேன். மக்களை அறியாதவர்கள் என்றும் பேசமாட்டேன். நன்றியும் ஒரு காரணம்தானே?

அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. ஆண்டிபட்டி அவருக்கு வாக்களித்துச் சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த நாள்.

அவருடைய மனைவி வி.என்.ஜானகி 1988 ஜனவரியில் முதலமைச்சரானார். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் அவரே. இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 7-ஆம் தேதி பதவியேற்றார்; 30-ஆம் தேதி அரசு கலைக்கப்பட்டது. கட்சி இரண்டாகப் பிளந்தது. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜானகி அம்மையார் கணவர் வென்ற ஆண்டிபட்டியிலேயே நின்றார். ஜெயலலிதா அதே வட்டாரத்துப் போடிநாயக்கனூரில் நின்றார். ஜெயலலிதா வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். ஆண்டிபட்டியிலோ தி.மு.க. வேட்பாளர் பி.ஆசையன் வென்றார். இரு அணிகளும் பெற்ற வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் அவர் பெற்றதைவிட அதிகம்! பிளவுபட்டவர்கள் எப்படித் தோற்கிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. ஜானகி அம்மையார் அரசியலிலிருந்து விலகிக்கொள்ள, அணிகள் ஒன்றாயின. சட்டமன்றத்துக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்படாமலே அவருடைய பொதுவாழ்வு முடிந்தது.

இன்னொரு செய்தி. அந்த ஜனவரியில் ஓட்டுப் போட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதை 18 ஆகக் குறைத்த 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு மார்ச்சில். பள்ளியை முடித்து ஓரிரு ஆண்டுகளில் உங்கள் கைக்கு வரப்போகும் உரிமை, உங்கள் பாட்டிமார்களுக்கு அந்த வயதில் இல்லை.

1991-ல் அ.தி.மு.க., 1996-ல் மீண்டும் ஆசையன் என்று தொகுதி மாறி மாறிச் சென்றது. 2001-ல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுச் செய்தார். ஆண்டிபட்டியும் அவற்றுள் ஒன்று. நான்கும் தள்ளுபடியாயின. ஒரு வழக்கில் தண்டனை பெற்றிருந்தது ஒரு காரணம். இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனுச் செய்தது இன்னொரு காரணம். ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் வென்றார். கட்சி பெரும்பான்மை பெற்றதால், உறுப்பினராகாமலே ஜெயலலிதா முதலமைச்சரானார். உறுப்பினரல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்பது விதி. ஆனால் தேர்தலில் நிற்கவே தகுதியற்றவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று 2001 செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி போயிற்று, பக்கத்துப் பெரியகுளம் தொகுதி உறுப்பினர் ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. தமிழ்ச்செல்வன் தம் இடத்தைத் துறந்தார். 2002 பிப்ரவரி 21-ல் நடந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா 41,201 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று மார்ச் 2-ல் மீண்டும் முதலமைச்சரானார். 2006-லும் இங்கேயே வென்றார். 2011-ல் திருவரங்கத்துக்கு மாறினார். ஆண்டிபட்டி மறுபடி தமிழ்ச்செல்வனிடம் வந்தது. 2016-லும் அவரே. 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தபோது அவரும் பதவி இழந்தார்.

அதனால் வந்த 2019 ஏப்ரல் இடைத்தேர்தலைப் பற்றிச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் மறைப்பது சரியன்று. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டியில் ஒரு கட்டடத்தில் வருமான வரித்துறையினர் 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றினர். உறைகளில் வார்டு எண் எழுதியிருந்தது. தலைக்கு 300 ரூபாய் என்ற குறிப்பும் இருந்தது. இதைச் சொன்னபோது வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருத்தி, "எங்கள் தெருவிலும் கொடுத்தார்கள் டீச்சர்" என்றாள் மெதுவாக. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் நிறுத்தியவர்கள் உடன்பிறந்த சகோதரர்கள். தி.மு.க.வுக்கு ஆ.மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு ஆ.லோகிராஜன். மகாராஜன் வென்றார். 2021-லும் அதே இருவர் மோதினர், அதே முடிவு.

மணி அடித்துவிட்டது. ஆனாலும் ஒருத்திக்குக் கேள்வி பாக்கி இருந்தது. "அவர்கள் வீட்டில் யார் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் டீச்சர்?"

"அது அந்த இயந்திரத்துக்குக்கூடத் தெரியாது. எத்தனை என்று அதற்குத் தெரியும், யார் என்று தெரியாது" என்றேன்.