உறைபனியில் வாத்துக் கொட்டில்

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. குளிருக்கு அஞ்சிக் கொட்டிலின் இடுக்குகளை எல்லாம் சாக்கு வைத்து அடைப்பது தவறு. வளர்ந்த வாத்து, அடர்ந்த சிறகாலும் எண்ணெய்ப் பசையாலும் குளிரைத் தாங்கும். அது தாங்காதது ஈரமும் அடைபட்ட காற்றும்தான். வாத்தின் எச்சத்தில் நீர் அதிகம். காற்றோட்டம் இல்லாவிடில் ஈரம் வெளியேறாது. அம்மோனியா வாயு தேங்கிக் கண்ணையும் சுவாசத்தையும் கெடுக்கும்.

தரையிலிருந்து 3 அடி வரை குளிர்காற்று புகாதபடி அடைப்பு வேண்டும். கூரைக்குக் கீழே காற்று போக இடம் விட்டு, கீரி, காட்டுப்பூனை நுழையாதவாறு கம்பி வலை அடிக்க வேண்டும். வாத்து ஒன்றுக்கு 4 சதுர அடி இடம் போதுமானது. தரையில் 4 அங்குலத்திற்கு வைக்கோல் அல்லது மரச்சீவல் பரப்பி, நனைந்ததை அன்றாடம் மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோல் நுரையீரல் நோய் தரும்; பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கோ வாத்துக்கு நஞ்சு.

தண்ணீர்த் தொட்டி கொட்டிலுக்கு வெளியே இருக்கட்டும். அலகும் மூக்குத் துளையும் மூழ்கும் ஆழம் தேவை. காலையில் பனி ஏடு படிந்திருந்தால் உடைத்து, வெதுவெதுப்பான நீர் ஊற்றவும். தண்ணீர் இல்லாத இடத்தில் உலர்தீவனம் வைக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

குஞ்சுகளுக்கு இது போதாது. அவை நனைந்தால் விறைத்துவிடும். முதல் வாரம் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் கொடுத்து, வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைக்கவும். விளக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை. விலகி ஓடினால் அதிகம் என்று அறியலாம்.

வாத்துகள் பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். வெயில் ஏறியபின் திறந்துவிட்டால் வாத்துக்கும் நலம். முட்டையும் கொட்டிலிலேயே கிடைக்கும்.