விடுவிப்பு கிடைத்தது, அடுத்து?

கேள்வி: செம்பனைக் குலை ஏற்ற லோரி வாங்கி, தவணை கட்ட முடியாமல் திவாலானேன். இப்போது விடுவிப்பு கிடைத்துவிட்டது. மறுபடி தொழில் தொடங்கலாமா? அன்று ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என் மைத்துனர்.
– பெயர் வேண்டாம், கம்போங் குவாந்தான்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஐயா. கம்பெனி இயக்குநராகவும் ஆகலாம். வெளிநாடு போவதென்றால், பயணத் தடை நீங்கிவிட்டதா என்று குடிநுழைவுத் துறையில் முதலில் பாருங்கள்.

ஆனால் 1967ஆம் ஆண்டு திவால் சட்டப்படி விடுவிப்பு உங்களுக்கு மட்டும்தான். ஜாமீன்தாரரின் பொறுப்பு அதோடு போய்விடாது. 2017 திருத்தம் படிப்பு, வீடு, சொந்த வாகனம் போன்ற கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களைத் திவாலிலிருந்து காப்பாற்றியது. தொழில் லோரி அதில் சேராது. வருமான வரி போன்ற அரசாங்கப் பாக்கியும் அப்படியே நிற்கும். விடுவிப்புச் சான்றிதழ் வாங்கியதும் பலர் மறந்துபோவது இந்த இரண்டையும்தான்.

புதுக் கடன் கேட்டால், வங்கிகள் சிக்ரிஸ், சிடோஸ் ஆகிய இரண்டு கடன் பதிவு அறிக்கைகளையும் பார்க்கும். பழைய பதிவு இன்னும் இருந்தால், விடுவிப்புக் கடிதத்தைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே இலவசமாகவே ஆலோசனை தருகிறது. "பேரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள்.

உடனே இன்னொரு லோரி வேண்டாம். கொஞ்ச காலம் சம்பளத்துக்கு ஓட்டுங்கள். உங்கள் ஊரில் இரவில் மின்மினி பார்க்கக் கூட்டம் வருகிறது. கைப்பணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம். முதலீடு தேவைப்பட்டால், சிறு தொழில்களுக்குக் கடன் தரும் தெக்குன் நிறுவனத்தில் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடனை விசாரியுங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே மைத்துனரை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போய் மீதிக் கணக்கைக் கேளுங்கள்.