கோப்பு முறைமையின் குறிப்பேடும் முந்துநிலைப் பிழையும்

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி, கணினி அறிவியல் துறை

முன்னுரை

கணினி நுழையாத துறை இன்று இல்லை. வங்கிக் கணக்கும், குடும்ப அட்டையும், நாம் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணும் எங்கோ ஒரு வட்டில் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றை இடமறிந்து வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருளே கோப்பு முறைமை எனப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் அக்கோப்புகள் என்னவாகும்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதினால் என்ன நேரும்? இவ்விரு வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் கற்ற பாடம்

என் தாயார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தெரு மகளிர் குழுவின் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கும். கடன் கொடுத்தவுடன் மீதித் தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் திருத்தி எழுதுவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தின் முடிவில் கையிருப்பு 6,300 ரூபாய். அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு ஒருவருக்கு 500 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். அதே வேளையில் குழுவின் மற்றொரு பொறுப்பாளரும் அதே பக்கத்தைப் பார்த்து, வேறொருவருக்கு 500 ரூபாய் கொடுத்தார். இருவர் மனத்திலும் இருந்த எண் 6,300. ஆகவே அம்மா 5,800 என்று எழுதினார். பின்னர் வந்த மற்றவரும் தாம் போட்ட கணக்குப்படி 5,800 என்றே எழுதினார். பெட்டியிலோ 5,300தான் இருந்தது.

நோட்டுக்கும் பெட்டிக்கும் 500 ரூபாய் வேறுபாடு. நோட்டு யாரிடம் இருந்ததோ அவர்மீது பார்வை விழுந்தது. அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. “நான் எடுக்கலடி, உனக்குத் தெரியும்ல?” என்று இருமுறை கேட்டார். மறுநாள் இரண்டு கடன் சீட்டுகளையும் அடுக்கி வைத்துப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது. இருவரும் நேர்மையானவர்கள். இருவரும் சரியாகக் கழித்தார்கள். இருப்பினும் கணக்குத் தவறியது.

பார்த்தல், கணக்கிடல், எழுதுதல் என்னும் மூன்று படிகளுக்கு இடையே இன்னொருவர் நுழைந்ததே காரணம். முடிவானது யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. கணினியியலில் இதனையே ‘ரேஸ் கண்டிஷன்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் இதை முந்துநிலைப் பிழை என்று குறிப்பிடுகிறேன்.

குறிப்பேடு ஏன் வேண்டும்?

ஒரு கோப்பின் முடிவில் சில வரிகளைச் சேர்க்கிறோம் என்று கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. வட்டிலோ குறைந்தது மூன்று இடங்களில் மாற்றம் நிகழ வேண்டும். எந்த இடம் காலி என்று காட்டும் அட்டவணை, அக்கோப்பின் விவரங்களைத் தாங்கிய ‘ஐநோடு’, எழுத வேண்டிய செய்தி ஆகியவையே அம்மூன்று. முதல் இரண்டில் ஒன்று மட்டும் எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், அட்டவணை ஒன்று சொல்லும், ஐநோடு வேறொன்று சொல்லும். முற்காலத்தில் கணினி மீண்டும் எழுந்ததும் வட்டு முழுவதையும் துருவிப் பார்த்து இதனைச் சரிசெய்தார்கள். வட்டு பெரிதாகப் பெரிதாக இதற்கான நேரமும் நீண்டது.

இதற்குத் தீர்வாக வந்ததே ‘ஜர்னல்’ எனப்படும் குறிப்பேடு. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் வட்டின் ஒரு தனிப் பகுதியில் எழுதி, அவை முழுமையாக எழுதப்பட்டன என்பதற்கு அடையாளமாக இறுதியில் ஒரு முத்திரைத் துண்டை இடுகிறார்கள். அதன் பிறகே மாற்றங்கள் உரிய இடத்திற்குச் செல்கின்றன. இடையில் மின்சாரம் நின்றால், முத்திரை உள்ளவை மறுபடி நிறைவேற்றப்படும். முத்திரை இல்லாதவை விலக்கப்படும். அரைகுறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

லினக்ஸ் இயங்குதளத்திற்கு இம்முறையை 1998இல் ஸ்டீபன் ட்வீடி விளக்கினார். 2001 நவம்பரில் வெளிவந்த 2.4.15 பதிப்பில் எக்ஸ்ட்3 என்ற பெயரில் அது இடம்பெற்றது. அதன் வழித்தோன்றலான எக்ஸ்ட்4, 2008 டிசம்பரில் 2.6.28 பதிப்பில் நிலைபெற்றது. எக்ஸ்ட்4இன் குறிப்பேட்டைக் கவனிக்கும் பகுதிக்கு ஜேபிடி2 என்று பெயர்.

பிழை நுழையும் வாயில்

ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் ஒரு முத்திரை இட்டால் வேகம் குன்றும். ஆகவே ஜேபிடி2 பல மாற்றங்களைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுகிறது. இயல்பான அமைப்பில் 5 வினாடிக்கு ஒருமுறை அக்கட்டு மூடப்பட்டு வட்டுக்கு அனுப்பப்படும். ஒரு நிரல் மாற்றம் செய்யத் தொடங்கும்போது திறந்திருக்கும் கட்டில் தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. சேரும்போது ஒன்று கூடும். முடிக்கும்போது ஒன்று குறையும். கட்டை மூட வேண்டிய இழையானது முதலில் கதவை அடைத்து, எண்ணிக்கை பூச்சியம் ஆகும்வரை காத்திருந்து, பிறகு எழுதத் தொடங்குகிறது.

இங்கே எண்ணிப் பாருங்கள். ஒரு நிரல் ‘கதவு திறந்திருக்கிறதா?’ என்று பார்க்கிறது. திறந்திருக்கிறது. அது எண்ணிக்கையைக் கூட்டும் முன்னரே மூடும் இழை கதவை அடைத்து, எண்ணிக்கை பூச்சியம் என்று கண்டு, எழுதத் தொடங்கிவிடுகிறது. முன்பு பார்த்த நிரலோ கதவு திறந்திருப்பதாகவே நம்பி உள்ளே நுழைந்து மாற்றம் செய்கிறது. அதன் மாற்றத்தில் ஒரு பாதி இந்தக் கட்டிலும் மறுபாதி வெளியிலுமாகப் போய்விடும். அப்போது மின்சாரம் நின்றால், முத்திரை இருந்தும் கோப்பு முறைமை பழுதடையும். காக்க வந்த குறிப்பேடே பொய் சொல்லும் நிலை இது.

திருத்தும் வழிகள்

முதல் வழி பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவரே நுழையத்தக்க பகுதி என்னும் கருத்தை டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். ஜேபிடி2இல் கதவைப் பார்ப்பதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே பூட்டின் காவலுக்குள் நடக்கின்றன. கதவை அடைப்பவரும் அதே பூட்டைப் பெற்றே அடைக்க வேண்டும். எனவே பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவே எவரும் புக இயலாது.

இரண்டாம் வழி நகல். மூடப்பட்ட கட்டில் உள்ள ஒரு துண்டைப் புதிய கட்டைச் சேர்ந்த நிரல் மாற்ற விரும்பலாம். அத்துண்டு இன்னும் குறிப்பேட்டிற்குச் செல்லவில்லையெனில், அதன் பழைய வடிவம் தனியே நகலெடுத்து உறையவைக்கப்படும். நகல் குறிப்பேட்டிற்குச் செல்லும். மூலத்தைப் புதிய நிரல் திருத்திக்கொள்ளும். அது அந்நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தால், முடியும்வரை நிரல் காத்திருக்கும்.

மூன்றாம் வழி நுட்பமானது. ஒவ்வொரு முறையும் பூட்டைப் பெறுவது நேரத்தை விழுங்கும். ஆதலின் ‘இத்துண்டு ஏற்கெனவே என் கட்டில் உள்ளதா?’ என்று ஜேபிடி2 பூட்டு இல்லாமலேயே ஒரு விரைவுச் சோதனை செய்கிறது. ‘இல்லை’ என்று தவறாக விடை வந்தால் கேடில்லை. பூட்டுள்ள நீண்ட வழியில் சென்று பார்க்கும். ‘ஆம்’ என்று தவறாக வந்தால்தான் ஆபத்து. எனவே ‘ஆம்’ என்று கண்ட பின்னரும், கையில் இருப்பது அதே துண்டின் விவரம்தானா என்று மறுமுறை சரிபார்க்கிறது. ஒருவர் பூட்டின்றிப் படிக்கும் இந்த இடத்தில் மற்றொருவர் எழுதுவதை, லினக்ஸுக்கென உருவாக்கப்பட்ட கேசிசான் என்னும் சோதனைக் கருவி காட்டிக்கொடுத்தது. 2020இல் அது திருத்தப்பட்டது. மொழிபெயர்ப்பியான ‘கம்பைலர்’ அம்மதிப்பைத் துண்டாக்காமலும் திரும்பப் படிக்காமலும் ஒரே முறையில் கையாள வேண்டும் என்று நிரலில் குறித்ததே அத்திருத்தம்.

பூட்டினால் வரும் தொல்லை

பூட்டே எல்லா நோய்க்கும் மருந்து என எண்ணிவிடலாகாது. ஒருவர் ‘அ’ என்ற பூட்டை வைத்துக்கொண்டு ‘ஆ’வுக்காகவும், மற்றவர் ‘ஆ’வை வைத்துக்கொண்டு ‘அ’வுக்காகவும் காத்திருந்தால் இருவரும் என்றென்றும் காத்திருக்க வேண்டியதுதான். இதனை முட்டுக்கட்டை நிலை என்பர். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டுகளைப் பெறுவதே இதற்கு மருந்து. அவ்வரிசை மீறப்படுகிறதா என்று கண்காணிக்கும் லாக்டெப் என்ற கருவி 2006இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது.

நான் செய்து பார்த்தது

எங்கள் ஆய்வகத்தில் சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். இரண்டு இழைகள் ஒரே எண்ணைத் தலா 1,00,000 முறை கூட்டவேண்டும். விடை 2,00,000 அன்றோ? ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது. ஒருமுறை வந்த எண் மறுமுறை வரவில்லை. காரணம் காண நடுவில் ஓர் அச்சிடும் கட்டளையைச் சேர்த்தேன். உடனே விடை சரியாக வந்தது! பிழை போய்விட்டது என்று மகிழ்ந்தேன். அது போகவில்லை, இழைகளின் வேகம் மாறியதால் ஒளிந்துகொண்டது. ஒரு பூட்டைச் சேர்த்த பிறகே எத்தனை முறை ஓட்டினாலும் 2,00,000 வந்தது. நூறு முறை சரியாக ஓடியது என்பது பிழையில்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை அன்று உணர்ந்தேன்.

இது விளையாட்டன்று. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி சில நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது; உயிர்களும் போயின. இயக்குபவர் விரைவாகத் திருத்தம் செய்யும்போது மட்டும் தலைகாட்டிய முந்துநிலைப் பிழையும் அதன் காரணங்களுள் ஒன்று.

முடிவுரை

நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ‘என்னதான் படிக்கிறே?’ என்று அம்மா கேட்கும்போதெல்லாம் விடை சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறேன். இப்போது சொல்ல முடிகிறது. அந்த 500 ரூபாய்க்குப் பிறகு குழுவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நோட்டோடு ஒரே ஒரு பேனா கட்டப்பட்டிருக்கிறது. பேனா யார் கையில் உள்ளதோ அவரே நோட்டைப் பார்க்கலாம், பணம் கொடுக்கலாம், எழுதலாம். மூன்றும் முடிந்த பிறகே பேனா கைமாறும். “உங்க பேனாவைத்தாம்மா நாங்க பூட்டுன்னு படிக்கிறோம்” என்றேன். அம்மா சிரித்தார்.

நல்லவர் இருவர் சேர்ந்தும் கணக்குத் தவறலாம்; நல்ல நிரல்கள் இரண்டு சேர்ந்தும் கோப்பு கெடலாம். ஆளைச் சந்தேகிக்கும் முன் முறையைச் சோதிப்போம். நாளை நாம் எழுதும் நிரல்களில் யாரோ ஒரு தாயின் கணக்கு இருக்கும் என்பதை நினைவிற்கொள்வோம்.