சொன்னவர் யார்?

நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று எங்கு குடியிருந்தாலும் பள்ளி விட்டு வரும் அவர்கள் நாவில் நாள்தோறும் புதுச்சொல் ஒன்று ஏறுகிறது. நல்லதுதான். பிறரைப் பற்றிய பேச்சையும் ஊரில் பரவும் செய்தியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பாடமாக இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

முதற்சொல் 'காஸிப்'. இது ஒரு காலத்தில் நல்ல சொல். கிறிஸ்தவக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்கும் ஞானத்தாய், ஞானத்தந்தையரை அது குறித்தது. பிறகு நெருங்கிய தோழியைக் குறித்தது. கடைசியில் தோழிகள் கூடிப் பேசும் வீண்பேச்சுக்கே பெயராகிவிட்டது. நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? நலம் விசாரிக்கத் தொடங்குகிறோம். புறம் பேசி முடிக்கிறோம்.

'ரூமர்' என்றால் வதந்தி. 'ஸ்லாண்டர்' என்றால் அவதூறு. நம் மார்க்கம் இவற்றை இன்னும் நுட்பமாகப் பிரித்திருக்கிறது. ஒருவரிடம் உண்மையாகவே உள்ள குறையை அவர் இல்லாதபோது சொல்வது கீபத். இல்லாத குறையைக் கட்டிச் சொல்வது புஹ்தான். இங்கே கேட்டதை அங்கே சொல்லி உறவைப் பிரிப்பது நமீமத். "உள்ளதைத்தானே சொன்னோம்" என்று வாதிடுபவர், தாம் செய்தது கீபத் என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்!

இனி மரபுத் தொடர்கள். 'எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ' என்பார்கள். சின்னக் குருவி ஒன்று சொன்னதாம். 'கிரேப்வைன்' வழியாகக் கேட்டேன் என்றும் சொல்வதுண்டு. அதாவது திராட்சைக் கொடி. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தந்திக்கம்பி வந்தபோது, வாய்வழியே பரவும் செய்தியைத் 'திராட்சைக் கொடித் தந்தி' என்று கேலி செய்ததில் பிறந்த தொடர் இது. நம்மிடமும் குறைவில்லை: "நாலு பேர் பேசிக்கொள்கிறார்கள்", "காற்றுவாக்கில் காதில் விழுந்தது". எல்லாவற்றிலும் தந்திரம் ஒன்றே. செய்தி இருக்கிறது, சொன்னவர் இல்லை.

ஹதீஸ் கலை இதற்கு நேர்மாறானது. இமாம் புகாரி (ரஹ்), இமாம் முஸ்லிம் (ரஹ்) போன்றோர் ஒரு நபிமொழியை ஏற்குமுன், அதை யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரிக்காமல் ஏற்று, ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்ற கருத்தைத் திருமறை (49:6) நமக்கு அறிவுறுத்துகிறது.

விசாரிக்காததன் விலை என்ன? நம் நகரமே அதைக் கண்டது. 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் வெள்ளத்தில் தவித்தன. இது உண்மை. அந்த உண்மையின் தோளில் ஏறிக்கொண்டு, ஏரியே உடைந்துவிட்டது என்றும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் வதந்திகள் பரவின. இரண்டும் பொய். முன்பே நனைந்து நின்ற மக்களுக்கு அவை இரண்டாம் வெள்ளமாயின. அச்சம் தரும் செய்தி கிடைத்தால் பரப்பாமல், பொறுப்புடையோரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று திருமறை (4:83) போதிப்பது இதற்காகத்தான்.

2018 மே மாதத்தில் நடந்தது இதனினும் கொடியது. பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிய நேரம். கோயிலுக்குச் செல்லக் குடும்பத்துடன் சென்னையிலிருந்து புறப்பட்ட மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்பே சந்தேகமாயிற்று. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வதந்தியை அனுப்பியவர்களுள் எத்தனை பேர், தாம் ஒரு கொலைக்கு உதவியதாக நினைத்திருப்பார்கள்?

நம் வீட்டில் கொலை நடக்காது என்று இருந்துவிட வேண்டாம். திருமணப் பேச்சு நடக்கும் பெண்ணைப் பற்றி, "ஏதோ கேள்விப்பட்டோம்" என்று இழுத்துச் சொல்லும் இரண்டே சொற்களில் ஒரு குடும்பத்தின் நிம்மதி போய்விடுகிறது. சொன்னவர் மறந்துவிடுவார்; அந்தப் பெண் மறப்பாளா?

ஆங்கிலத்தில் நல்ல தொடரும் உண்டு. 'வித் எ பிஞ்ச் ஆஃப் ஸால்ட்' என்பது, கேட்டதை அப்படியே விழுங்காமல் ஒரு சிட்டிகை உப்போடு ஏற்றுக்கொள் என்ற எச்சரிக்கை. பிள்ளைகள் இதை முதலில் கற்கட்டும். நாமோ, செய்தி வந்ததும் மூன்று கேள்விகள் கேட்போம்: சொன்னவர் யார்? அவர் கண்டாரா, கேட்டாரா? இதை நாம் சொல்வதால் யாருக்கு நன்மை? விடையில்லையேல் அச்செய்தி நம்மோடு நின்றுவிடட்டும். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமென எச்சரித்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அல்லாஹ் நம் நாவையும், செய்தி அனுப்பும் நம் விரலையும் காப்பானாக! ஆமீன்.